கடைசிப் பக்கங்கள் முதலில் அச்சாகும்

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு அச்சகத்தின் முதலாளி பிரபு மாடிக்கு ஏறி வந்தார். அப்போதுதான் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். அவர் பேசி முடித்ததும் அதை மூடிவிட்டுக் கணினித் திரையின் மூலையைப் பார்த்தேன். அதனால்தான் நேரம் சரியாக நினைவிருக்கிறது.

"சாப்பிடுங்கக்கா, சாப்பிடுங்க. ஒரு தகவல் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். மாதையன் இந்த மாசத்தோட போதும்ங்க. மாம்பழக் கூழ் ஃபேக்டரி லேபிள் வேலை வருது. வியாழக்கிழமை காலைல ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை மெஷின் தர்றேன். அதுக்கப்புறம் நமக்குக் கெடைக்காது."

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய அப்பா தன் ஆசைக்காக நடத்திய இதழை, அவர் போன பிறகும் இவர் மூன்று வருடம் நிறுத்தாமல் விட்டுவைத்திருந்தார்.

'பரிசல் மாதையன்' தர்மபுரியிலிருந்து மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்த சித்திரக்கதை இதழ். முப்பத்திரண்டு பக்கம். மாதையன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவன். ஆற்றுப் பக்கம் நடக்கும் திருட்டுகளையும் மர்மங்களையும் துப்புத் துலக்குபவன். கூடவே அவன் தங்கை பொன்னி, எட்டு வயது, வாயாடி. பதினாறு வருடம் அந்த இதழின் பக்கங்களை அமைத்ததும், படத்திலுள்ள ஆட்களின் வாயருகே வரும் பலூன்களில் வசனத்தைப் பொருத்தியதும் நான்தான். இதழ் நின்ற மறுமாதம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். செல்போனில் படிக்கும் சித்திரக்கதை செய்கிற இரண்டு பேர் அண்மையில் என்னிடம், "எங்க தொடரும் நிக்கப் போகுது, கடைசி இதழை எப்படிக்கா போடறது?" என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாவரவியல் பட்டம், தட்டச்சு, திருமணப் பத்திரிகை அடித்த ஆறு வருடம். பலூன் வேலையைக் கற்றுத் தந்தவர் இதழின் ஆசிரியர் நடேசன் சார். அவரிடம் இரண்டே விதிகள் இருந்தன. ஒரு பலூனில் பதினெட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பலூனையும் நின்றுகொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும். உட்கார்ந்து படித்தால் மூச்சு எங்கே முட்டுகிறது என்று தெரியாது என்பார். எழுபத்தொரு வயதிலும் நின்றுதான் படித்தார்.

எழுதப்படாத மூன்றாவது பழக்கம் ஒன்று உண்டு. பொன்னி என்ன செய்ய வேண்டும் என்று சார் எழுதுவார். அதை அவள் எப்படிச் சொல்கிறாள் என்பதை நான் எழுதுவேன். இது எப்படித் தொடங்கியது என்றால், சார் எழுதிய பொன்னி மேடைப் பேச்சாளர் போலப் பேசினாள். என் மகள் சுடர் அப்போது பேசப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் சொன்னதை நான் பொன்னியின் பலூனில் போட்டேன். "ஆறு தூங்கவே தூங்காதா? அதுக்குக் கால் வலிக்காதா?" என்பது போல. வாசகர் கடிதங்களில் பாதி பொன்னிக்கு வர ஆரம்பித்தன. சுடர் வளர்ந்த பிறகு மாதாமாதம் அச்சுக்கு முந்திய நகலை வீட்டுக்கு எடுத்துப் போவேன். அவள் பென்சிலோடு உட்காருவாள்.

"அம்மா, பொன்னி 'ஐயோ அண்ணா, என்ன ஆபத்து'ன்னெல்லாம் பேச மாட்டா."

"பின்ன எப்படிடி பேசுவா?"

"'அட போண்ணா, செருப்பு நனஞ்சிருச்சு'ம்பா. அவ்வளவுதான்."

அவள் திருத்தியதை நான் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

இனி அந்தக் கடைசி இதழ். ஐந்து மாதத் தொடர்கதை ஒன்றின் மூன்றாம் பாகம் வெளிவந்திருந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள், ஆற்றின் நடுப்பாறையில் பொன்னி தனியாக நிற்கிறாள், தண்ணீர் ஏறுகிறது. அங்கே நிறுத்தியிருந்தோம். இன்னும் இரண்டு பாகம் பாக்கி. கையில் இருப்பது ஒரே இதழ். ஓவியர் சின்னசாமியண்ணன் அதில் முதல் எட்டுப் பக்கம்தான் வரைந்து முடித்திருந்தார். அவருக்குப் பாப்பாரப்பட்டியில் பெயர்ப்பலகை எழுதும் கடை. படங்களைப் பெரிய எக்ஸ்ரே கவரில் போட்டு பஸ்ஸில் கொண்டு வருவார். யாரோ நோயாளி என்று நினைத்து பஸ்ஸில் இடம் தருவார்கள் என்று அதில் அவருக்கு ஒரு பெருமை.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் தண்ணீர் குடித்தார்.

"ரெண்டு மாசக் கதைய ஒரு பொஸ்தகத்துல அடைக்கணும். ஏன் சார், நான் படம் போடறவனா, இல்ல பஸ்ல ஆள் ஏத்தற கண்டக்டரா?"

சார் மேசை இழுப்பறையைத் திறந்தார். பழைய காலண்டர் தாள் இரண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். யோசிக்க வேண்டியிருந்தால் அவர் இப்படித்தான் செய்வார். ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம். இரண்டு தாள், முப்பத்திரண்டு பக்கம். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நடுவில் கம்பி தைத்தால் புத்தகம். இதில் வெளியாட்கள் யாரும் யோசித்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. வெளித்தாளில் ஒன்று முதல் எட்டு வரை வரும். இருபத்தைந்து முதல் முப்பத்திரண்டு வரையும் அதே தாளில்தான் வரும். நடுப்பக்கங்கள் எல்லாம் உள்தாள். எங்கள் இயந்திரத்தில் எப்போதும் வெளித்தாள்தான் முதலில் ஓடும். அதாவது கதையின் தொடக்கமும் முடிவும் முதலில் அச்சாகிவிடும், நடுக்கதை பிறகுதான். எல்லாப் பக்கமும் தயாராக இருக்கும் மாதங்களில் இது ஒரு பொருட்டே இல்லை. இந்த மாதம் வியாழக்கிழமை காலைக்குள் முடிவைக் கொடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறோம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

"யாராவது ஒருத்தர் போகணும்," என்றார் சார், தாளைப் பார்த்துக்கொண்டே. "இல்லாட்டி முடிஞ்சுதுன்னு படிக்கறவங்க நம்ப மாட்டாங்க. இதுக்கு முந்தி நான் வேலை பார்த்த பத்திரிகை பாதியில நின்னுது. குகைக்குள்ள ஒருத்தன் போன எடத்துல. நாலு வருஷம் கடுதாசி வந்துச்சு, 'குகைக்குள்ள போனவரு வந்துட்டாருங்களா'ன்னு. எனக்கே தெரியாது. நான் என்னன்னு எழுதறது?"

"அப்ப மாதையன் போகட்டும்," என்றார் சின்னசாமியண்ணன். "பதினாறு வருஷமா இருவத்தஞ்சு வயசுலயே நிக்கறான். அவனுக்கும் அலுத்திருக்கும்."

"மாதையன் செத்தா கதை முடியாது. நம்ம பக்கம் அப்படிச் செத்தவனுக்குக் கல்லு நட்டுக் கும்புட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் அந்தக் கல்லு கதை கேக்கும்." சார் மடித்த தாளை மேசையில் வைத்தார். "பொன்னி போனா மாதையன் பரிசல் எடுக்க மாட்டான். அதோட முடிஞ்சுது."

"சார், அது கொழந்தைங்க."

"தெரியும், சின்னசாமி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பொன்னி என் பொறுப்பு. வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சார் இன்னொரு தாளை எடுத்து மடித்திருப்பார் என்று இப்போது நம்புகிறேன். நான் அப்போது எத்தனை பலூன், எத்தனை மணிநேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "முப்பதாம் பக்கத்துல விளம்பரம் இருக்குதுங்க சார், அத முன்னாடி தள்ளிடலாமா?" என்று கேட்டேன். அத்துடன் முடிவாகிவிட்டது.

மற்ற விஷயங்களை சார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். போன மாதப் புதிருக்கு விடை கட்டாயம் போட வேண்டும். புதிய புதிர் போடக் கூடாது. விடை சொல்ல நாம் இருக்க மாட்டோம். 'அடுத்த இதழில்' என்ற கட்டத்தை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்தில் நன்றி, வணக்கம் எதுவும் வேண்டாம். நின்றுபோகிறது என்ற செய்தியை வாசகர் கடிதப் பக்கத்தில், கடிதங்களுக்குக் கீழே நான்கு வரியில் சொன்னால் போதும். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. இரண்டு மாத அட்டையைச் சேர்த்து அடிப்பது எங்கள் வழக்கம். அதில் பொன்னி துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை ஒன்றும் செய்ய முடியாது.

சின்னசாமியண்ணன் கடைசி எட்டுப் பக்கங்களை ஒன்றரை நாளில் வரைந்தார். வியாழன் காலை ஏழு மணிக்குக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு அச்சுத் தகடு எடுக்க வேண்டும். மாதையனுக்கான வசனத்தை சார் எழுதி வைத்திருந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில், தண்ணீரிலிருந்து தூக்கப்பட்ட பொன்னி பரிசலில் அண்ணன் மடியில் கிடக்கிறாள். ஒரே ஒரு பலூன். அது காலியாக இருந்தது.

எட்டு முப்பத்தைந்துவரை அந்தப் பலூனில் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் சினிமா வசனமாக இருந்தன. சுடர் இருந்தால் கேட்டிருக்கலாம்; அவள் பள்ளிக்கூட பஸ் ஏறிப் போயிருந்தாள். பத்தாம் வகுப்பு. பிறகு என் விரல்களே அடித்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

'அண்ணா, நான் தூங்கினா நீ வூட்டுக்குப் போயிடாத.'

சுடர் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது டெங்குக் காய்ச்சலில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்தாம் நாள் மதியம் ரத்த அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றார்கள். அப்போது அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அது. 'அம்மா' இருந்த இடத்தில் 'அண்ணா' என்று போட்டேன். மற்றதெல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. பலூனில் அளவாக உட்கார்ந்தது.

சார் வந்து நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தப் பலூன் வந்ததும் சத்தம் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மனதுக்குள் படித்தார்.

"இது உன் சொல்லா, செல்வி?"

"இல்லைங்க சார்."

யாருடையது என்று அவர் கேட்கவில்லை. "முப்பத்திரண்டுல பலூன் வேணாம்," என்று மட்டும் சொன்னார். கடைசிப் பக்கத்தில் கரையில் கவிழ்த்து வைத்த பரிசல் மட்டும் இருந்தது. பத்து மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. மாடித் தரை அதிர்வது காலில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நடுப்பக்கங்கள் வந்தன. கடிதம், புதிர் விடை, விளம்பரங்கள் போகப் படம் எட்டுப் பக்கம்தான். நன்றாகத்தான் வரைந்திருந்தார். திருடன் பிடிபட்டான், மாதையன் கரைக்கு வந்தான், கதை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. இருபத்திரண்டாம் பக்கத்தில் நான் நின்றுவிட்டேன். பாறையில் நிற்கும் பொன்னியின் கையில் ஒரு பெரிய சுரைக்குடுக்கை இருந்தது. ஆற்றங்கரைப் பிள்ளைகள் நீச்சல் பழகும்போது இடுப்பில் கட்டிக்கொள்வது. அதைக் கட்டிக்கொண்டவர் மூழ்க மாட்டார்.

"இத எதுக்குண்ணா வரைஞ்சீங்க? சார் எழுதினதுல இது இல்லியே."

"கையில ஏதாச்சும் இருக்கட்டுமேன்னுதான்."

"குடுக்கை இருந்தா அவ எப்படிச் சாவா? கடைசிப் பக்கம் நேத்தே ஓடிருச்சே."

"ஓடட்டும். நான் வரைஞ்சது வரைஞ்சதுதான். வேணும்னா நீ அழிச்சுக்க."

கணினியில் அழிக்கப் பத்து நிமிடம் போதும். சாரைக் கேட்டேன். அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் வைத்துப் பார்த்தார். "இருக்கட்டும்," என்றார். சனிக்கிழமை உள்தாள் ஓடியது. திங்கட்கிழமை தைத்து, செவ்வாய்க்கிழமை அஞ்சலில் போட்டோம். பதினாறு வருடத்தில் முதல் முறையாக நான் ஒரு பிரதியும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. சுடர் கேட்டாள். இன்னும் தைத்து வரவில்லை என்று சொன்னேன்.

கடைசி இதழ் போடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் விஷயம் இவ்வளவுதான்: முடிவை எழுதும்போது நடுக்கதை கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நடுவில் யாரோ ஒருவர் உங்கள் முடிவை ஒத்துக்கொள்ளாமல் எதையாவது வரைந்துவிடுவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

மீதி வீட்டு விஷயம். ஆனால் அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை சுடர் நான்கே முக்கால் பஸ்ஸில் வரவில்லை. அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையின் பஸ் நிறுத்தம் தெரியும். அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. அவளுடைய தோழி வீட்டுக்குப் போன் செய்தேன். தோழியின் அம்மா, "ரெண்டும் மத்தியானம் உங்க பொஸ்தகத்தத்தான் படிச்சுதுங்களாம். தபால்ல வந்துச்சுங்க. சுடரு அதுக்கப்புறம் யாரோடயும் பேசலையாம். பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டாளாம்," என்றார்.

என் கணவர் லாரியில் புனே பக்கம் போயிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், டியூஷன், என் தங்கை வீடு, அச்சகம் என்று போனைக் கீழே வைக்காமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். ஆறு மணிக்கு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். பக்கத்து டீக்கடைக்காரர், "யாருக்கு நிக்கறீங்க, சுடருக்கா? வந்துரும்ங்க, இப்பப் புள்ளைங்க அப்படித்தான்," என்றார். ஏழு பஸ்களை எண்ணினேன்.

அங்கே நின்றபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது பொன்னி செத்ததைப் பற்றி அல்ல. ஆஸ்பத்திரியின் அந்த மதியத்தைப் பற்றி. போக மாட்டேன் என்று சுடரிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவள் கண்ணை மூடினாள். என் தங்கையை உட்காரவைத்துவிட்டு நான் அச்சகத்துக்குப் போனேன். அன்று வெளித்தாள் ஓட வேண்டிய நாள்; பலூன் வேலை பாக்கி இருந்தது. இரண்டரை மணி நேரம். திரும்பி வந்தபோதும் அவள் கண்ணை மூடியபடியே இருந்தாள். தங்கையிடம், சொல்லாதே என்றேன். அவள் சொல்லவில்லை. இது யாருக்கும் தெரியாது என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு பத்துக்கு வந்த பஸ்ஸின் பின்படியிலிருந்து முதலில் எக்ஸ்ரே கவர் இறங்கியது, பிறகு சின்னசாமியண்ணன், அவருக்குப் பின்னால் சுடர்.

"ஏம்மா செல்வி, போன்ல யார்கூட அப்படிப் பேசிட்டிருந்த? எத்தனை தடவ அடிச்சாலும் பிஸின்னே வருது," என்றார். "கடைக்கு வந்து நிக்கறா புள்ள. குடுக்கை குடுத்தது நீங்கதானே, அப்புறம் ஏன் சாக விட்டீங்கன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்? கடைசிப் பக்கம் மொதல்ல ஓடிருச்சு சாமின்னு சொன்னேன். அதெப்படி ஓடும்னா. தாள மடிச்சுக் காட்டினேன். டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. பன்னு மட்டும் தின்னா."

அவர் டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார். சுடர் புத்தகப் பையைக் கழற்றவில்லை. அழுதிருந்தாளா என்று சாலை வெளிச்சத்தில் தெரியவில்லை. "அந்த வார்த்தையப் போட்டிருக்கக் கூடாது," என்றேன்.

"அதுக்கு இல்லம்மா," என்றாள். ஒரு லாரி போகும்வரை பொறுத்திருந்தாள். "அன்னைக்கு நான் தூங்கல. நீ செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வெளிய போனதப் பாத்துட்டுதான் இருந்தேன்."